தீவிர வலதுசாரித் தலைவர்களைத் தொலைக்காட்சி விவாதங்களுக்கு அழைப்பது சரியா?

நேரலையில் நாற்காலி போட்டு உட்கார வைக்கக் கூடாது என்பதே என் பதில். அவர்களைப் பற்றிச் செய்தி போடுங்கள், துருவித் துருவிக் கேள்வி கேட்டுப் பதிவு செய்யுங்கள், பொய்யைப் பொய் என்று காட்டி ஒளிபரப்புங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

2009 அக்டோபர் 22 இரவு. கிழக்கு லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஆறு பேர் சேர்ந்து எடுத்திருந்த வாடகை வீட்டில், வேலை முடிந்து வந்த களைப்போடு எல்லோரும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தோம். பிபிசியின் 'கொஸ்டின் டைம்' விவாதத்தில் பிரிட்டிஷ் தேசியக் கட்சித் தலைவர் நிக் கிரிஃபின் முதல்முறையாகப் பங்கேற்றார். வெள்ளையர் அல்லாதவரை உறுப்பினராகவே சேர்க்காத கட்சி அது. அந்த ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் இரண்டு இடங்களைப் பிடித்திருந்ததால், மக்கள் வாக்களித்த கட்சியை ஒதுக்க முடியாது என்றது பிபிசி. எங்கள் வீட்டிலிருந்து ரோடிங் ஆற்றைத் தாண்டினால் பார்க்கிங் (Barking) என்ற ஊர். அந்தப் பார்க்கிங் – டேகன்ஹாம் உள்ளூராட்சி மன்றத்துக்கு 2006இல் அவர்கள் 12 பேர் தேர்வாகியிருந்தார்கள்.

கிரிஃபின் திணறினார். யூத இனப்படுகொலையை முன்பு மறுத்தது பற்றிக் கேட்டபோது, ஐரோப்பியச் சட்டம் தன்னை விளக்கவிடாது என்றார். அதே மேசையில் இருந்த நீதித்துறை அமைச்சர் ஜாக் ஸ்ட்ரா, அப்படியொரு சட்டமே இல்லை என்றார். எங்கள் அறையில் கைதட்டல். எனக்கோ வயிற்றைப் பிசைந்தது. நான் இந்த ஊரில் வாழலாமா என்பதை, வரியை ஏற்றலாமா குறைக்கலாமா என்பதுபோல மேசையில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, பார்க்கிங்கில் நான் வேலை பார்த்த கடையில் பத்திரிகைக் கட்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். தினமும் பாலும் பத்திரிகையும் வாங்கும் வெள்ளைக்காரப் பெரியவர் வந்தார். "அத்தனை பேரும் சேர்ந்து ஒருவனை மொத்தினார்கள். என் மகளுக்கு உள்ளூராட்சி மன்றம் தரும் வாடகை வீடு எப்போது கிடைக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை" என்றார். என் மேல் அவருக்கு ஒரு கோபமும் இல்லை. சில்லறையை வழக்கம்போல என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார்.

அம்பலப்படுத்த அழைத்தவரை அந்தப் பெரியவரின் கண்ணில் அடிபட்ட அப்பாவியாக்கிவிட்டது அந்த நிகழ்ச்சி. அன்று அதைப் பார்த்தவர்கள் சுமார் 80 லட்சம் பேர்.

பிரான்சில் 1981 அதிபர் தேர்தலில் நிற்கத் தேவையான கையெழுத்துகளைக்கூடத் திரட்ட முடியாதவர் தேசிய முன்னணி என்ற தீவிர வலதுசாரிக் கட்சியின் தலைவர் ழான்-மரி லெ பென். 1984 பிப்ரவரியில் அரசுத் தொலைக்காட்சியின் பெரிய அரசியல் நிகழ்ச்சியில் நேரலையாகப் பேசினார். ஜூனில் ஏறத்தாழ 11 சதவீத வாக்கும் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் 10 இடங்களும் கிடைத்தன. தொலைக்காட்சி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அதற்கு முந்தைய ஆண்டே உள்ளூர்த் தேர்தல்களில் அவர் கட்சியினர் தலைகாட்டத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் வீட்டு வரவேற்பறைக்குள் அவரைக் கூட்டிவந்தது அந்த நேரலை.

பெல்ஜியத்தின் பிரெஞ்சு மொழி ஊடகங்கள் 1990களிலிருந்தே இத்தகையவர்களுக்கு நேரலையில் பேச இடம் தருவதில்லை. அரசு போட்ட தடையாக அல்ல, செய்தி ஆசிரியர்கள் தாங்களே எடுத்த முடிவாகத் தொடங்கியது இது. அந்தப் பகுதியில் தீவிர வலதுசாரிக் கட்சிகள் இன்றும் வேரூன்றவில்லை. அவர்களைத் தாராளமாக அழைத்துப் பேசவிடும் டச்சு மொழிப் பகுதியில், 2024 பிராந்திய நாடாளுமன்றத் தேர்தலில் ஃபிளாம்ஸ் பெலாங் என்ற தீவிர வலதுசாரிக் கட்சி 22 சதவீத வாக்கைத் தாண்டியது. இரண்டு பகுதிகளின் வரலாறும் வேறு என்பதை அறிவேன். இருந்தாலும் அந்த ஆசிரியர்களின் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன்.

2010 மே தேர்தலில் கிரிஃபின் பார்க்கிங் தொகுதியிலேயே நின்று மூன்றாம் இடத்துக்குப் போனார். உள்ளூர் மன்றத்தில் அவர் கட்சிக்கு ஓர் இடமும் மிஞ்சவில்லை. அதற்கு முந்தைய மாதங்களில் அந்தக் கட்சியை எதிர்த்த தொண்டர்கள் வீடுவீடாக ஏறி இறங்கினார்கள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போனேன். ஒருநாள் கையில் துண்டறிக்கைக் கட்டோடு நான் தட்டிய கதவைத் திறந்தது அந்தப் பெரியவர். உள்ளே போய் மகளின் வீட்டு விண்ணப்பக் காகிதங்களை எடுத்துவந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். வாசலிலேயே முக்கால் மணி நேரம் பேசினோம். கிரிஃபினின் பெயரை அவர் ஒருமுறைகூட எடுக்கவில்லை.