வெற்றியைப் பொறித்த உரோமானிய வெள்ளிக் காசுகள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எகிப்தை வென்றதற்காக ஆக்டேவியன் வெளியிட்ட டெனாரியஸ் என்னும் வெள்ளிக் காசில் முதலை மட்டும் இருப்பது ஏன்?

பதில்: ஆக்டேவியன் கி.மு. 31இல் ஆக்டியம் கடற்போரிலும் அடுத்த ஆண்டு அலெக்சாந்திரியாவிலும் வீழ்த்தியது கிளியோபாத்ராவை மட்டுமன்று, உரோமானியரான மார்க் ஆண்டனியையும்தான். சக குடிமகனை வென்றதற்கு வெற்றி விழா கொண்டாடுவது உரோமில் முறையாகக் கருதப்படவில்லை. ஆகவே, கி.மு. 28ஐ ஒட்டி வெளிவந்த அந்தக் காசின் பின்புறத்தில் உள்நாட்டுப் போரின் சுவடே இல்லாமல், நைல் நதியின் முதலையும் ‘எகிப்து கைப்பற்றப்பட்டது’ என்னும் பொருளுடைய இலத்தீன் எழுத்துகளும் மட்டும் இடம்பெற்றன. நன்கு அச்சான காசைச் சாய்வான வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள்; கட்டைவிரல் நகத்தளவு வெள்ளியில் முதலையின் முதுகு முள்வரிசைகூடத் தெரியும். அந்த அச்சைச் செதுக்கிய கை மீது எனக்குத் தீராத மதிப்பு உண்டு.

கேள்வி: போரே நடக்காமல் வெற்றிக் காசு வெளியானதுண்டா?

பதில்: உண்டு. கி.மு. 53இல் கார்ஹே போரில் உரோமானியத் தளபதி கிராசஸின் படை, ஈரான் பகுதியை ஆண்ட பார்த்தியரிடம் இழந்த படைச்சின்னங்களை, கி.மு. 20இல் பேச்சுவார்த்தை மூலமாகவே அகுஸ்டஸ் (ஆக்டேவியன் பின்னர் பெற்ற பட்டப்பெயர்) திரும்பப் பெற்றார். ஆனால் அடுத்த ஆண்டையொட்டி அச்சான டெனாரியஸில், காற்சட்டை அணிந்த பார்த்தியர் ஒருவர் மண்டியிட்டுச் சின்னத்தை நீட்டுகிறார். உடன்படிக்கையைச் சரணடைதலாகக் காட்டுவது இக்காசின் நோக்கம் என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: பேரரசர் வெஸ்பாசியனின் ‘யூடேயா’ காசும் அப்படித்தானா?

பதில்: அங்கே போர் உண்மை; கி.பி. 70இல் ஜெருசலேம் அழிந்தது. வெற்றிச் சின்னத்தின் அடியில் துயரத்துடன் அமர்ந்திருக்கும் பெண்தான் யூதர்களின் நாடான யூடேயாவின் உருவகம். எனினும், கி.பி. 6இலேயே உரோமின் மாகாணமாகிவிட்ட நாட்டில் எழுந்த கிளர்ச்சியை அடக்கியதை, புதிதாக ஒரு நாட்டை வென்றதுபோல அக்காசு காட்டுகிறது என்பதை மறக்கக் கூடாது.

கேள்வி: போலியை எப்படி இனங்காண்பது?

பதில்: முதலில் எடை பாருங்கள். அகுஸ்டஸ் காலத்து டெனாரியஸ் 4 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவும், கி.பி. 64இல் பேரரசர் நீரோ எடையைக் குறைத்த பிறகு வந்தவை ஏறத்தாழ 3.4 கிராமாகவும் இருக்கும். விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு தென்பட்டால், அது சுத்தியலால் அடித்த காசு அன்று, வார்த்தது.

கேள்வி: தமிழகத்தில் கிடைத்தவற்றில் இந்த வெற்றிக் காசுகள் உண்டா?

பதில்: கொங்குப் பகுதிப் புதையல்களில் பெருவாரியாகக் கிடைத்த வெள்ளிக் காசுகள் வேறு இரண்டு வகை: அகுஸ்டஸின் பேரர்களான காயஸும் லூசியஸும் கேடயங்களுடன் நிற்பது ஒன்று, பேரரசர் டைபீரியஸின் தலையும் பின்புறம் அமர்ந்த பெண்ணும் கொண்டது மற்றொன்று.