பெட்டிக்குள் மைக் வைத்தால் கூட்டம் பிரிவது முன்பே தெரியுமா?

கேள்வி: ரப்பர் தோட்டத்தில் இருபது தேனீப் பெட்டி வைத்திருக்கிறேன். தேன் சீசன் தொடங்கும் முன்பே சில கூட்டங்கள் பிரிந்து போய்விடுகின்றன. பெட்டிக்குள் மைக் வைத்தால் சத்தத்தை வைத்தே முன்கூட்டிச் சொல்லிவிடலாம் என்கிறான் டிப்ளமா படிக்கும் மகன். நடக்குமா?
– வாசகர், குலசேகரம்

பதில்: நடக்கும், மகனைத் தடுக்காதீர்கள். பிபிசியில் ஒலிப் பொறியாளராக இருந்த எட்டி வுட்ஸ் 1950களிலேயே இதற்கென்று ‘அப்பிடிக்டர்’ என்ற கருவியைச் செய்தார். பிரியப்போகும் கூட்டில் ராணி முட்டையிடுவது குறையும். புழுவுக்கு ஊட்டும் இளந்தேனீக்களுக்கு வேலை இருக்காது. அப்போது 225 முதல் 285 ஹெர்ட்ஸ் வரை ஒரு ரீங்காரம் ஓங்குவதை அவர் கண்டுபிடித்தார்.

அந்த எண்ணை மட்டும் அப்படியே புரோகிராமில் போட வேண்டாம். அவர் கேட்டது ஐரோப்பியத் தேனீயை. உங்கள் பெட்டியில் இருப்பது இந்தியத் தேனீ என்றால், அது உருவில் சிறியது, சிறகை இன்னும் வேகமாக அடிப்பது. இங்கிலாந்து எண்ணை நம்பினால் கூட்டம் பிரிந்து போன பிறகும் கருவி சும்மா இருக்கும். உங்கள் பெட்டிகளின் சத்தத்தை நீங்களே பதிந்து, ராணி அறை (புது ராணி வளரும் அறை) கண்ட தேதியோடு ஒப்பிட்டுத்தான், எந்த ஹெர்ட்ஸில் கருவி எச்சரிக்க வேண்டும் என்ற எல்லையை வகுக்க வேண்டும். என்னைக் கேட்டால் வேலையே இதுதான்; மின்னணுப் பகுதி சுலபம்.

ஐஎன்எம்பி441 என்ற சிறு டிஜிட்டல் மைக், ஈஎஸ்பி32 என்ற சிறு கணினி போர்டு போதும். சத்தத்தை நொடிக்கு 16,000 மாதிரியாக (சாம்பிள்) அளந்து, 2,048 மாதிரிக்கு ஒரு எஃப்எஃப்டி, அதாவது சத்தத்தை ஹெர்ட்ஸ் வாரியாகப் பிரிக்கும் கணக்கு, போடுங்கள். ஏறக்குறைய 8 ஹெர்ட்ஸ் இடைவெளியில் சத்தம் பிரிந்து தெரியும். மைக்கைப் புழு அறைச் சட்டங்களுக்கு மேலே, நடுவில் வையுங்கள். நுண்ணிய ஸ்டீல் வலை கட்டாயம். இல்லையென்றால் துளையை மெழுகால் அடைத்துவிடும். மத்தியானப் பதிவை ஒதுக்குங்கள். வெயிலில் வாசலில் நின்று விசிறும் தேனீக்களின் இரைச்சல் எல்லாவற்றையும் மூடிவிடும். மழை விழும் நேரப் பதிவும் உதவாது. இரவுப் பதிவுதான் சுத்தம்.

முதல் கூட்டம் போன பெட்டியில் சாயங்காலம் காதை ஒட்டிக் கேளுங்கள். மெல்லிய குழல் ஊதுவதுபோல் விட்டு விட்டு வந்தால், புது ராணி வெளியே வந்துவிட்டது, அறைக்குள் இன்னொன்று காத்திருக்கிறது. அதற்கு மைக் வேண்டாம். அடுத்த கூட்டமும் பிரியாமலிருக்க, மறுநாள் காலையிலேயே திறந்து மிச்ச ராணி அறைகளை எடுத்துவிடுங்கள்.