மன்னித்த பிறகும் உடம்பு பதறுகிறது

அன்புள்ள ஐயாவுக்கு,

கூடப்பிறந்த அண்ணன் என் பங்குப் பணத்தை ஏமாற்றி எடுத்துக்கொண்டு ஏழு வருடம் ஆகிறது. மன்னித்துவிட்டேன் என்று ஜெபத்தில் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். ஆனாலும் ஆராதனையில் அவர் குரல் கேட்டாலே உடம்பு பதறுகிறது. இயேசுவின் நினைவாகச் சபையில் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்தை எடுக்கப் பயமாக இருக்கிறது. நான் மன்னித்தது பொய்யா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

பொய் இல்லை. வேதாகமத்தில் வரும் யோசேப்பை நினைத்துப் பாருங்கள். அண்ணன்மார் அவரை விற்றபோது வயது 17. முப்பதுகளில் மூத்த மகன் பிறந்தபோது மனாசே என்று பெயர் வைத்தார். என் வருத்தத்தையும் தகப்பன் வீட்டையும் தேவன் மறக்கச் செய்தார் என்று அதற்கு அர்த்தம் சொன்னார். மறந்துவிட்டேன் என்று பிள்ளைக்கே பெயர் வைத்தால், கூப்பிடும்போதெல்லாம் அந்த வீடுதானே ஞாபகம் வரும்? அப்புறம் அவர் எகிப்தில் அதிகாரியாக இருந்தபோது, பஞ்சத்தில் தானியம் வாங்க அண்ணன்மார் வந்து நின்றதும் கடினமாகப் பேசுகிறார், மூன்று நாள் காவலில் வைக்கிறார், தனியே போய் அழுகிறார். வேதாகமம் இதில் எதையும் மறைக்கவில்லை. உங்கள் பதற்றமும் இந்த வலிதான்.

யோசேப்பு உடனே அவர்களை நம்பிவிடவும் இல்லை. கடைசித் தம்பி பென்யமீனை அடிமையாக வைத்துக்கொள்வேன் என்று சொல்லிச் சோதித்தார். அவருக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று அண்ணன்மாரில் ஒருவரான யூதா முன்வந்த பிறகே தன்னை வெளிப்படுத்தினார். அன்று தம்பியை விற்கலாம் என்று சொன்னதே இந்த யூதாதான்! ஆகவே அண்ணனிடம் கணக்குக் கேட்பது பாவமில்லை. கடிந்துகொள், மனஸ்தாபப்பட்டால் மன்னி என்று இயேசு இரண்டையும் ஒரே வசனத்தில்தான் சொல்கிறார் (லூக்கா 17:3). மறுபடி உங்கள் அண்ணன் கையில் பணத்தைக் கொடுக்கச் சொல்லி யாராவது வசனம் காட்டினால் கேட்காதீர்கள்.

அவர் கெட்டுப்போகட்டும் என்ற ஆசை உள்ளே இருந்தால், பயப்பட வேண்டியது அதற்குத்தான். யோசேப்பின் தகப்பன் இறந்ததும், இனி பழிவாங்குவாரோ என்று அண்ணன்மார் மறுபடி நடுங்கினார்கள். யோசேப்பு, “நான் தேவனா?” என்று கேட்டார். நீங்கள் எனக்குத் தீமை செய்ய நினைத்தீர்கள் என்று குற்றத்தைக் குற்றமாகவே சொன்னார். சொல்லிவிட்டு, அவர்கள் பிள்ளைகளையும் பராமரிப்பேன் என்றார்.

திருவிருந்து விஷயத்துக்கு வருகிறேன். காணிக்கையை வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு, அதாவது சமாதானமாகு என்ற வசனம் (மத்தேயு 5:23-24), யார்மேல் சகோதரனுக்குக் குறை இருக்கிறதோ அவருக்குச் சொன்னது. இந்த விஷயத்தில் அது உங்கள் அண்ணன். உங்களுக்கானது மாற்கு 11:25, ஜெபிக்க நிற்கும்போது மன்னியுங்கள் என்பது. அதைத்தானே ஏழு வருடமாகச் செய்து வருகிறீர்கள்?

வருகிற முறை தைரியமாகப் போய் எடுங்கள். பதறினால் பதறட்டும். அந்த நேரத்தில் அண்ணன் பெயரையும் அவர் பிள்ளைகள் பெயரையும் சொல்லி ஒரு வரி ஜெபியுங்கள்.