கல்லாப்பெட்டி நோட்டில் என்ன இருக்கிறது?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்து கொடுத்தேன். முதலாளி எல்லா ஸ்கிரீனிலும் கணக்கை எக்செல் ஃபைலாக எடுக்க ஒரு பட்டன் கேட்டார், போட்டேன். அப்புறம் பிடிஎஃப், அப்புறம் வாட்ஸ்அப். இப்போது 'சரிப்பட்டு வராது' என்கிறார். கல்லாவில் இருக்கும் பையன் இன்னமும் நோட்டில்தான் ஏதோ எழுதுகிறான். பாக்கிப் பணமும் வரவில்லை. கேட்டதையெல்லாம் செய்தும் ஏன் இப்படி?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: தம்பி, அந்த நோட்டை ஒரு தடவையாவது எட்டிப் பார்த்தீர்களா? 'ஏதோ' என்று தாண்டிப் போய்விட்டீர்களே!

துணிக்கடை என்பதால் என் ஊகம், அது மாற்றிக்கொள்ள வருகிறவர்களின் கணக்கு. நேற்று வாங்கின 38 சைஸ் சட்டையைக் கொடுத்துவிட்டு 40 எடுப்பார்கள், மேலே ஐம்பது ரூபாய் தருவார்கள். இதைப் போட உங்கள் ஸ்கிரீனில் இடம் இல்லையென்றால் நோட்டுக்குத்தான் போகும். மாதக் கடைசியில் பில்லும் கல்லாவும் ஒத்துப்போகாது. மாதா மாதம் ஜிஎஸ்டிஆர்-1, அதாவது ஜிஎஸ்டிக்கான விற்பனைக் கணக்கு, தாக்கல் செய்கிற கடைக்கு அடுத்த மாதம் 11-ஆம் தேதி கெடு. ஆடிட்டர் ஆபீசிலிருந்து போன் மேல் போன் வரும். கையால் திருத்தி அனுப்ப எக்செல் வேண்டுமே! பட்டன் கேட்டது அதற்காகத்தான் இருக்கும். எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு ஸ்கிரீனும், கிரெடிட் நோட் (திரும்பி வந்த சரக்குக்குப் போடும் சீட்டு) கழித்து வரும் ஒரே ஒரு மாத ரிப்போர்ட்டும் இருந்தால் பாதி பட்டன்களைக் கழற்றிவிடலாம். அதில் என்னென்ன வர வேண்டும் என்று ஆடிட்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி எது கேட்டாலும் 'எதுக்குண்ணே?' என்று மொட்டையாகக் கேட்காதீர்கள், சண்டைக்கு வருகிற மாதிரி இருக்கும். 'கடைசியா எப்போண்ணே தேவைப்பட்டுச்சு, அன்னைக்கு என்ன பண்ணீங்க?' என்று கேளுங்கள். கதை கதையாகச் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கூட்ட நேரத்தில், கல்லா ஓரமாக வாயைத் திறக்காமல் நில்லுங்கள். காசு கொடுப்பவர் முதலாளி என்றாலும் தினமும் மல்லுக்கட்டுகிறவன் அந்தப் பையன். புது ஸ்கிரீனைப் பேப்பரில் வரைந்து அவனிடம் முதலில் காட்டுங்கள். பேனாவால் அடித்துத் திருத்தட்டும், செலவில்லை.

அதற்காக, கேட்பதெல்லாம் தப்பு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மவுஸைத் தொடாமல் கீபோர்டிலேயே பில் போடணும் என்று பையன் சொன்னால் மறுபேச்சில்லாமல் செய்து கொடுங்கள். அதில் அவனுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது.

பாக்கியா? 11-ஆம் தேதி தாண்டட்டும். ஆடிட்டர் போன் வராத மாதத்தில் முதலாளி நல்ல மூடில் இருப்பார், அப்போது கேளுங்கள்.