ஏ.எல் முடிந்து வெளிநாட்டில் தொண்டு: திருகோணமலைப் பிள்ளைகளின் கேள்விகளும் என் பதில்களும்

ஏ.எல் என்ற உயர்தரப் பரீட்சை எழுதி, பெறுபேறு வந்து, பல்கலைக்கழக இடத்தைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி பார்த்து, கம்பஸ் வாசலை மிதிக்கும்வரை எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வருசத்துக்கு மேல் போய்விடுகிறது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் வீட்டில் கேட்டு வாங்குகிற ஓய்வு வருசத்தை எங்களுக்கு நாடே கையில் திணித்துவிடுகிறது. அந்தக் காலத்தில் வெளிநாடு போய்த் தொண்டு செய்யலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். சுனாமி அடித்தபோது எனக்கு 14 வயது. தொண்டர்கள் வந்து இறங்கிய முகாமில் இருந்தவள் நான். பிறகு நானே தொண்டராக நேபாளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் போனேன். இரண்டு பக்கத்தையும் பார்த்தவள் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

உப்புவெளித் தம்பி: அக்கா, நான் என்ன வேலைக்கும் தயார். எந்த நாட்டுக்குப் போனால் அதிகம் உதவலாம்?

"என்ன வேலைக்கும் தயார்" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கிணறுகள்தான் ஞாபகம் வரும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் கரையோரக் கிணறுகள் எல்லாம் உவர்த்துப் போயின. நல்ல மனசோடு வந்த ஆட்கள் பம்ப் வைத்து இறைத்தார்கள். உப்புப் போகவில்லையென்று மறுபடியும் இறைத்தார்கள். எங்கள் மணல் நிலத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாகத்தான் மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலே ஏறும். சில கிணறுகள் முன்னையதைவிட மோசமாகின, சிலவற்றின் சுவர் சரிந்தது. அதிகம் இறைக்காதீர்கள் என்ற வழிகாட்டல் பிறகுதான் வந்தது. கடைசியில் கிணற்றைக் கழுவிவிட்டது மழை.

அதனால் நாட்டைப் பிறகு தேடுங்கள். உங்களுக்கு என்ன தெரியும், நீங்கள் போகாவிட்டால் அந்த வேலையை அந்த ஊரில் யார் செய்வார் என்ற இரண்டையும் முதலில் பாருங்கள். அந்த ஊர் மேசனே செய்யக்கூடிய சுவரை நீங்கள் காசு கட்டிப்போய்க் கட்டினால், அவனுடைய ஒரு நாள் கூலி போயிற்று.

சேனையூர்த் தங்கச்சி: நேபாளத்தில் அநாதை இல்லத்தில் ஆங்கிலம் படிப்பிக்க ஒரு மாதம் கூப்பிடுகிறார்கள். காசும் கட்டச் சொல்கிறார்கள். போகலாமா?

போகாதீர்கள். நான் போய்த்தான் இதைச் சொல்கிறேன்.

ஒரு முகவருக்குக் காசு கட்டி இப்படி ஓர் இல்லத்தில் நானும் நாலு வாரம் இருந்தேன். இரண்டாம் நாளே பிள்ளைகள் மடியில் ஏறி இருந்தார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மூன்றாம் கிழமை ஒரு சின்னப் பெடியன் "தசாயினுக்கு அம்மா வருவா" என்றான். தசாயின் அவர்களுடைய பெரிய பண்டிகை. அநாதை என்று சொல்லப்பட்ட பிள்ளைக்கு அம்மா! 1996 தொடக்கம் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போர்க்காலத்தில், படிப்பிக்கிறோம் என்று சொல்லி மலைக் கிராமங்களிலிருந்து பிள்ளைகளைக் காட்மண்டுக்குக் கொண்டுவந்து, அநாதை என்று பத்திரம் தயாரித்த ஒரு வியாபாரமே அங்கே இருந்தது. தொண்டர் கட்டும் காசுதான் அதற்குத் தீனி. இல்லம் நிறைந்திருந்தால்தான் காசு வரும், அதனால் பிள்ளைகள் வீடு திரும்புவதில்லை. இதில் மாதத்துக்கு ஒரு புது அக்கா வந்து கொஞ்சிவிட்டுப் போனால் அந்தப் பிள்ளையின் மனசு என்னவாகும்? நான் வெளிக்கிட்ட அன்று அவன் அழவில்லை. பழகிவிட்டது. அதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. 2019இல் ஐ.நா. பொதுச்சபையும் சிறுவர் உரிமைத் தீர்மானத்தில் இந்த அநாதை இல்லத் தொண்டுச் சுற்றுலாவின் கேட்டைக் குறிப்பிட்டது.

இன்னொன்று: எங்களைப் போன்ற சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்கு நேபாளத்தில் வருசத்தின் முதல் 30 நாளுக்கு விசாக் காசு இல்லை. அதைக் காட்டித்தான் முகவர்மார் இழுப்பார்கள். ஆனால் சுற்றுலா விசாவில் சம்பளம் இல்லாத வேலையும் அங்கே செய்யக்கூடாது. பிடிபட்டால் மாட்டுவது நீங்கள், முகவர் இல்லை.

சல்லித் தம்பி: அப்பா கடற்றொழில். எனக்கு நீந்த, சுழியோட நல்லாத் தெரியும். மாலைதீவு, இந்தோனேசியா பக்கம் முருகைக்கல் (பவளப்பாறை) பாதுகாக்கும் வேலை கிடைக்குமா?

கிடைக்கும். மூச்சடக்கிச் சுழியோடுவது பெரிய சொத்து, ஆனால் அங்கே கேட்பது சிலிண்டர் கட்டிச் சுழியோடும் சான்றிதழ். முதல் படிக்கு ஓப்பன் வாட்டர் என்று பெயர். நிலாவெளி, உப்புவெளிச் சுழியோடு நிலையங்களில் அதைப் படிக்கலாம். வாடைக்காற்றுக்கு முன் முடித்துவிடுங்கள், பிறகு கடல் கலங்கிவிடும். காசில்லையென்றால் சீசனில் அங்கே உதவியாளாக நின்று, கூலிக்குப் பதில் படிப்பைக் கேட்டுப் பாருங்கள். எங்கள் பெடியன்கள் சிலர் அப்படித்தான் ஏறினார்கள்.

போகுமுன் நிலாவெளிக்கு எதிரே கடலிலுள்ள புறாமலைத் தீவை ஒரு ஆராய்ச்சிக்காரன் மாதிரிப் பாருங்கள். 1963இல் சரணாலயம், 2003இல் தேசிய பூங்கா. 1998இல் கடல் சூடேறி முருகைக்கல் வெளிறியபோது தெற்கு, மேற்குக் கரைகள் பெரிதாக அடிவாங்கின, திருகோணமலைக் கரை பெரும்பாலும் தப்பியது. கடல் வழமையான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை கூடி சில கிழமை நின்றாலே போதும், முருகைக்குள் வாழும் பாசி வெளியேறிவிடும். நிறமும் சாப்பாடும் அதோடு போய்விடும். நாங்கள் சூட்டிலிருந்து தப்பினதை இப்போது காலால் மிதித்து முடிக்கிறோம். எந்தக் கல்லில் ஆட்கள் ஏறி நிற்கிறார்கள், எங்கே வலை சிக்கியிருக்கிறது என்று ஒரு சீசன் முழுக்கத் திகதியோடு கொப்பியில் எழுதுங்கள். விண்ணப்பத்தில் "எனக்குக் கடல் பிடிக்கும்" என்று பத்து வரி எழுதுவதைவிட அந்தக் கொப்பி பேசும்.

கிண்ணியாத் தம்பி: தொண்டர் விசா, ரிக்கெற் இலவசம், தாய்லாந்தில் கணினி வேலை, மாதம் கைச்செலவுக்கும் காசு என்று முகநூலில் விளம்பரம்.

அது தொண்டு இல்லை, கண்ணி. தாய்லாந்து வழியாக மியான்மார் எல்லைக்குக் கடத்தி, இணைய மோசடி முகாம்களில் அடைத்து வேலை வாங்கிய கதை எங்கள் நாட்டு இளைஞர் பலருக்கு நடந்திருக்கிறது. மியாவாடி என்ற ஊர்ப் பெயர் செய்தியில் வந்தது ஞாபகம் இருக்கும். சம்பளம் என்ற பேச்சு வந்தாலே அது வேலை. வேலையென்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு வேண்டும். அந்த ஆளிடம் முகவர் அனுமதி இலக்கத்தைக் கேளுங்கள். பேச்சு அதோடு நிற்கும்.

மூதூர்த் தாய்: மகள், என்ட புள்ளைய தனிய வெளிநாட்டுக்கு அனுப்ப எனக்குப் பயம். அவ விடுறா இல்ல.

உம்மா, உங்கள் பயத்தில் பிழை இல்லை. வீட்டிலிருந்தே தொடங்க ஒரு வழி இருக்கிறது. ஐ.நா. தொண்டர் அமைப்பில் இணையவழித் தொண்டு உண்டு. 18 வயது வேண்டும், காசு ஒரு சதமும் இல்லை. கிழமைக்கு அதிகபட்சம் 20 மணித்தியாலம், ஒரு வேலை 12 கிழமைக்கு மேல் போகாது. மொழிபெயர்ப்பு, படம் வரைதல், தகவல் தொகுத்தல் போன்றவை வரும். முடிந்ததும் சான்றிதழ் தருவார்கள். அதில் அவ எப்படி நிற்கிறா என்று பார்த்துவிட்டு மிச்சத்தைப் பேசலாம்.

பிறகு போவதென்றால், அந்த நிறுவனத்திடம் நீங்களே கேளுங்கள்: பொம்பிளைப் பிள்ளைகளுக்குத் தனி அறையா, ராவில் யார் பொறுப்பு, முன்பு போய்வந்த ஒரு பிள்ளையின் இலக்கம் தருவார்களா? தரமாட்டோம் என்றால் அனுப்ப வேண்டாம். திரும்பும் ரிக்கெற்றுக்கான காசு அவவுடைய கையிலேயே இருக்கட்டும். ஹலால் சாப்பாட்டை முதல் மடலிலேயே கேட்டுவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

உவர்மலைத் தங்கச்சி: ஜேர்மனிக்குத் தொண்டராகப் போகலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 2011இல் தொடங்கிய கூட்டாட்சித் தொண்டர் சேவை என்று ஒன்று அங்கே உண்டு. 27 வயதுக்குட்பட்டவர்களுக்கு சமூகத் தொண்டு ஆண்டு என்று இன்னொன்று. முதியோர் இல்லம், வைத்தியசாலை, சிறுவர் பாடசாலை போன்ற இடங்களில் வழமையாக ஒரு வருசம். கைச்செலவுக் காசும் காப்புறுதியும் உண்டு, பல இடங்களில் தங்குமிடமும் கிடைக்கும். ஜேர்மன் மொழி தெரியாமல் நகர முடியாது, கிழவிக்கு எங்கே வலிக்கிறது என்று விளங்க வேண்டுமே. நிறுவனங்களுக்கு நேரே எழுதலாம். இடையில் லட்சக்கணக்கில் கேட்கும் ஆளுக்குக் கொடுக்கிற காசை மொழிப் படிப்பில் போடுங்கள்.

தம்பலகாமம் தம்பி: கையில் அவ்வளவு காசில்லை. ஆங்கிலமும் கொஞ்சம்தான்.

அப்படியென்றால் தமிழ்நாடு. இந்திய மின்-சுற்றுலா விசாவிலேயே காசு வாங்காத குறுகிய காலத் தொண்டுக்கு ஒரு மாதம்வரை இடம் உண்டு. அதற்கு மேல் வேறு விசா. சென்னையில் 1988இலிருந்து மாணவர்களே நடத்தும் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு இருக்கிறது. ஜனவரி தொடக்கம் ஏப்ரல்வரை ராவில் நீலாங்கரைப் பக்கக் கரையில் நடந்து பங்குனி ஆமை முட்டைகளை எடுத்துக் காப்பார்கள். தெருவிளக்கு வெளிச்சத்தைக் கடல் என்று நம்பி ரோட்டுக்கு ஏறும் குஞ்சுகளைக் காப்பாற்றத்தான் இந்தப் பாடு.

நான் இருந்தது புதுச்சேரிக்குக் கிட்ட ஓரோவில் பக்கம், 2003இல் தொடங்கிய, காடு வளர்க்கும் சாதனா ஃபாரஸ்டில். பால், தயிர், முட்டை எதுவும் இல்லாத சாப்பாடு. தம்பலகாமத்து எருமைத் தயிரில் வளர்ந்த உங்களுக்கு அது கொஞ்சம் கஷ்டம், சொல்லிவைக்கிறேன்.

பெயர் சொல்லாத ஒருவர்: போய் நின்ற நேரம் கம்பஸ் அனுமதி போய்விட்டால்?

போய்விடும்தான். விண்ணப்பத்தை அனுப்பி முடித்த பிறகு பயணத்தை வையுங்கள். பதிவுக் கடிதத்துக்குக் காலக்கெடு உண்டு, தவறினால் இடம் போகும். வீட்டில் ஒருவர் கடிதமும் மின்னஞ்சலும் பார்க்க வேண்டும்.

லிங்கநகர்த் தம்பி: கென்யா போக ஊசி?

மஞ்சட் காய்ச்சல் ஊசி, புறப்பட 10 நாளுக்கு முன்பாவது. பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் போடுவார்கள், சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். மலேரியாக் குளிசைக்கு மலேரியாத் தடை இயக்கத்திடம் போங்கள். 2016இல் இலங்கை மலேரியா இல்லாத நாடென்று அறிவிக்கப்பட்டது, அதை நீங்கள் மறுபடி கொண்டுவராமல் இருக்கத் திரும்பி வந்ததும் இரத்தம் சோதியுங்கள்.

நிலாவெளித் தங்கச்சி: அக்கா, நீங்கள் போய்வந்ததில் யாருக்கு என்ன பயன்?

நேபாளத்தில் யாருக்கும் இல்லை. ஓரோவிலில் ஒரு மாதம் குழி வெட்டினேன், கன்று வைத்தேன். நான் இல்லாவிட்டாலும் வேறொருவர் வைத்திருப்பார். ஆனால் அந்தக் கன்றுகளின் பெயரைக் கேட்டபோது திடுக்கிட்டேன்: பாலை, வீரை. எங்கள் கன்னியாப் பக்கக் காடும் அதே வறண்ட பசுமைக் காடுதான், நடுவில் கடல் மட்டும்தான். எங்கள் மரத்தை வளர்க்க அங்கே போய்ப் படித்திருக்கிறேன். பாலை முளைப்பது மெதுவாகத்தான். முதல் வருசம் போட்ட விதையில் பாதியை அணில் தின்றது. இப்போது வீட்டுக் கொல்லையில் 60 கன்று நிற்கிறது. ஆனியில் கோயில் வளவுப் பாலைகள் பழுக்கும். விதை பொறுக்கப் போவோம், வருகிறவர்கள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாருங்கள், நிலமெல்லாம் முள்.