மூன்று குப்பி போதும்

கேள்வி: 1/35 அளவில் ஜெர்மனியின் டைகர் டாங்கி மாதிரியை ஒட்டி முடித்துவிட்டேன். 1943-ஆம் ஆண்டின் மூவண்ண உருமறைப்பைப் பூச ஆசை. பதினாறு நிறங்கள் அடங்கிய பெட்டியை வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். காற்றால் பெயிண்டைத் தெளிக்கும் ஏர்பிரஷ் இல்லாமல் நடக்காது என்றும் சொல்கிறார். இரண்டும் தேவையா?

பதில்: பெட்டி வேண்டவே வேண்டாம். அதில் பாதிக்கு மேல் மூடி திறக்கப்படாமலே காய்ந்துவிடும்.

1943 பிப்ரவரியில் ஜெர்மன் படை அடர்சாம்பல் நிறத்தைக் கைவிட்டது. அதன்பின் டாங்கிகள் தொழிற்சாலையிலிருந்து அடர்மஞ்சள் பூசி வந்தன. ஆலிவ் பச்சையும் செம்பழுப்பும் களிம்பாக டப்பாக்களில் படைப்பிரிவுகளுக்குப் போயின. களத்தில் இருந்தவர்கள் அதைத் தண்ணீரிலோ பெட்ரோலிலோ கரைத்தார்கள். தெளிப்பான் கிடைத்தால் தெளித்தார்கள், கிடைக்காதபோது தூரிகையால் பூசினார்கள். எவ்வளவு கரைத்தார்கள் என்பதைப் பொறுத்து ஒரே பச்சை ஒரு வண்டியில் அழுத்தமாகவும் அடுத்த வண்டியில் வெளிறியும் இருந்தது. அதனால் ‘அச்சு அசல் நிறம்’ என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

டாமியா நிறுவனத்தின் பெயிண்டில் எக்ஸ்எஃப்-60 அடர்மஞ்சள், எக்ஸ்எஃப்-61 அடர்பச்சை, எக்ஸ்எஃப்-64 செம்பழுப்பு. 10 மி.லி. குப்பி மூன்று, கூட ஒரு வெள்ளை, பெயிண்டைக் கரைக்க அதே நிறுவனத்தின் தின்னர், அடிப்பூச்சுக்கு ஒரு சாம்பல் பிரைமர். வேறெதுவும் வேண்டியதில்லை. வெள்ளை எதற்கு என்றால், கையடக்கப் பொருளில் அசல் நிறத்தை அப்படியே பூசினால் இருண்டு தெரியும். மூன்றிலும் சில துளிகள் சேர்த்தால் கண்ணுக்குச் சரியாக இருக்கும். வாங்கும்போது குப்பியைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். அடியில் படிந்த வண்டல் குலுக்கியும் அசையாவிட்டால் அது பழைய சரக்கு, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஏர்பிரஷ் விஷயத்தில் கடைக்காரர் சொல்வதில் பாதி உண்மை. தெளித்த உருமறைப்பின் விளிம்பு மங்கலாக இருக்கும். அசல் வண்டியில் 7 செ.மீ. மங்கல் என்றால் உங்கள் மாதிரியில் அது 2 மி.மீ.தான். அந்த இரண்டு மில்லிமீட்டரைத் தூரிகையால் கொண்டுவருவது கடினம். ஆனால் தூரிகையால் பூசிய டாங்கிகளும் இருந்தன என்பதால் கூர்மையான விளிம்பும் தவறாகாது. இந்த ஒரு மாதிரியோடு நிறுத்திக்கொள்வீர்கள் என்றால் தூரிகையே போதும். அப்போது டாமியாவை விட்டுவிடுங்கள். அதன் இரண்டாம் பூச்சு அடியில் இருப்பதைக் கரைத்து இழுத்துக்கொண்டு வரும். துளித்துளியாக விழும் குப்பியில் வருகிற, நீரில் கரையும் வல்லேஹோ நிறுவனப் பெயிண்டை மெல்லிய இரண்டு மூன்று பூச்சாகப் பூசுங்கள்.

தொடர்ந்து செய்வீர்கள் என்றால் 0.3 மி.மீ. முனையுள்ள, விசையை அழுத்தினால் காற்றும் பின்னால் இழுத்தால் பெயிண்டும் வருகிற வகையை வாங்குங்கள். பணத்தை, காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசரில் போடுங்கள். காற்றுத் தொட்டி இல்லாதது துடித்துத் துடித்து அடிக்கும், கோடு நடுங்கும். காற்றிலுள்ள ஈரத்தைப் பிடிக்கும் சிறு வடிகட்டியும் அவசியம். அது இல்லாமல் புழுக்கமான நாளில் அடித்தால் மஞ்சளின் மேல் நீர்த்துளி தெறிக்கும். பெயிண்டைப் பால் பதத்துக்குக் கரைத்து, 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், முதலில் ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாவில் அடித்துப் பழகுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, முகமூடி போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

கேள்வி: எல்லாப் பெயிண்டுக்கும் ஒரே தின்னர் போதும் என்றார் கடைக்காரர். வல்லேஹோவில் டாமியா தின்னரை ஊற்றியதும் திரிந்த பால்போல் ஆகிவிட்டது. பெயிண்டை மாற்றித் தர மறுக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: பெயிண்டில் குறையில்லை. டாமியா தின்னரில் ஆல்கஹால் உண்டு, நீர் அடிப்படையிலான வல்லேஹோவோடு அது சேராது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளை ரசீதில் சொன்ன காலத்துக்குள்ளோ, காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள்ளோ திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். தின்னர் கலந்ததால் கெட்டுப்போன குப்பிக்கு இது பொருந்தாது. ஆனால் தவறான தகவலைச் சொல்லி விற்ற தின்னருக்கு நீங்கள் பணம் கேட்பது நியாயம்தான். ரசீதின் நகலோடு எழுத்து மூலம் கேளுங்கள். மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

அந்தக் கலவை ஏர்பிரஷுக்குள் போயிருந்தால் அதை இன்றே கவனியுங்கள். ஊசியைப் பின்பக்கமாக உருவி, முனையைக் கழற்றி, ஏர்பிரஷ் கழுவும் திரவத்தில் ஊறவைத்து, மெல்லிய நைலான் தூரிகையால் எடுங்கள். குண்டூசியால் குத்தினால் முனை விரிந்துவிடும், புதிதுதான் வாங்க வேண்டியிருக்கும்.