டாக்டரிடம் நண்டைப் பற்றிச் சொன்னீர்களா?

கேள்வி: என் கணவர் மணிப்பூர் மலைப்பக்கம் ரோடு போடும் வேலையில் மூன்று வருடம் இருந்துவிட்டு வந்தார். வந்ததிலிருந்து இருமல், சளி துரு நிறத்தில் வருகிறது. எக்ஸ்ரே பார்த்துவிட்டு காசநோய் என்றார்கள், ஐந்து மாதமாக மாத்திரை சாப்பிட்டும் குறையவில்லை. சளிப் பரிசோதனையில் ஒரு தடவைகூடக் கிருமி வரவில்லை. பசி, தூக்கம், எடை எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. அங்கே ஓடை நண்டை அரைகுறையாகச் சுட்டு எல்லாரும் சாப்பிடுவார்களாம், இவரும் சாப்பிட்டிருக்கிறார். அதனால் வந்திருக்குமா? வீட்டில் அவருக்குத் தனித்தட்டு, தனி டம்ளர் வைத்திருக்கிறோம்.

– ஒரு வாசகி, தேனி மாவட்டம்

பதில்: நிச்சயம் சந்தேகப்பட வேண்டிய விஷயம்தான் அம்மா. நண்டு சாப்பிட்டதை டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள், நம் ஊரில் யாரும் அதைக் கேட்பதும் இல்லை. மணிப்பூர், நாகாலாந்து, அருணாசலப் பிரதேசம் பக்கத்து மலை ஓடை நண்டுகளில் நுரையீரல் தட்டைப்புழுவின் குஞ்சுகள் கூடு கட்டி இருக்கும், சரியாக வேகாத நண்டோடு வயிற்றுக்குள் போனால் அவை குடலைத் துளைத்து, வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவே உள்ள உதரவிதானத்தையும் தாண்டி நுரையீரலுக்கு ஏறிவிடும், அங்கே வளர்ந்து முட்டையிட இரண்டு மூன்று மாதம் ஆகும், அப்புறம் வருடக்கணக்கில் குடியிருக்கும். அந்த முட்டைகளும் கசியும் ரத்தமும் சேர்ந்துதான் சளிக்குத் துரு நிறம் கொடுக்கின்றன. எக்ஸ்ரேயில் அச்சு அசல் காசநோய் மாதிரியே தெரிவதால் மணிப்பூரிலேயே எத்தனையோ பேர் வீணாகக் காசநோய் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார்கள்.

காசநோய்க்குச் சளியைச் சாயம் போட்டுப் பார்க்கும்போது இந்த முட்டைகள் கண்ணில் படாமல் போகும். அதனால் புழு முட்டை இருக்கிறதா என்று தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள், ரத்தத்தில் இயோசினோபில் (புழு இருந்தால் பெரும்பாலும் கூடும் ஒரு வகை வெள்ளை அணு) எண்ணிக்கையையும் பாருங்கள். புழுதான் என்றால் பிராசிகுவான்டல் மாத்திரை இரண்டு மூன்று நாள், அவ்வளவுதான்! ஆனால் ஒன்று, இதைப் படித்துவிட்டு நீங்களாகவே காசநோய் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், இரண்டும் சேர்ந்தே இருக்கிறவர்களும் உண்டு.

புழுவாக இருந்தால் அந்தத் தனித்தட்டுக்கு வேலையே இல்லை. முட்டை தண்ணீருக்குப் போய், நத்தைக்குள் வளர்ந்து, நண்டுக்குள் புகுந்து வந்தால்தான் அடுத்த ஆளுக்குத் தொற்றும், இருமினால் ஒட்டாது.

கேள்வி: சளிக்கு வயல் நண்டு ரசம் வைப்போமே, அதையும் விட்டுவிட வேண்டுமா?

– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: எதற்கு விட வேண்டும்? நன்றாகக் கொதித்த ரசத்தில் எந்தப் புழுவும் பிழைக்காது. நம்மில் பலர் பச்சை நண்டை உரலில் இடித்துச் சாறு எடுப்பார்கள் இல்லையா, அந்தச் சாறு கொதிக்காமல் வாய்க்குப் போகக் கூடாது. இடித்த உரலைக் கழுவாமல் அதிலேயே துவையல் அரைக்கவும் கூடாது. வினிகரிலோ சாராயத்திலோ ஊறப்போட்டால் புழு செத்துவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள், சாகாது. கடல் நண்டில் இந்தப் புழு கிடையாது.